மியூசியத்துச் சிலைக்கு என்ன மதிப்பு, அதைப் புளி போட்டு ஏன் தேய்க்கக் கூடாது?

கேள்வி: எங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஐம்பொன் சிலைகளின் காலடியில் சில்லறை போடுகிறார்கள். முற்றத்தில் நிற்கும் கற்சிலைக்குக் குங்குமம் வைக்கிறார்கள். செப்புச் சிலைகள் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று இருக்குமே, ஏன் செய்வதில்லை? இவற்றுக்கு உண்மையில் என்ன மதிப்பு?

பதில்:

முதலில் மதிப்பு. சட்டத்தைக் கேட்டால் அது ஒரு கணக்குச் சொல்லும், கேட்டால் சிரிப்பு வரும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல்தான், பத்து ரூபாய்க்கு மேல் போனால் அறிவிக்க வேண்டும். அதை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால், உரியவருக்குக் கொடுக்க வேண்டியது பொருளில் உள்ள மூலப்பொருளின் விலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது 40 கிலோ எடையுள்ள சோழர் காலத் திருமேனி என்றால், 40 கிலோ செம்புக் கலவையின் விலை, கூட இருபது சதவீதம். பழைய பாத்திரக்கடைத் தராசுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

சந்தையைக் கேட்டால் வேறு கணக்கு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டுப் பொருள் என்று நிரூபணமான பிறகு 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது.

எடைக் கணக்கும் டாலர் கணக்கும் உங்கள் ஊர் மியூசியத்துக்குப் பொருந்தாது, அங்கே எதுவும் விற்பனைக்கு இல்லை. அங்கே ஒரு சிலைக்கு மதிப்பைத் தருவது இரண்டு விஷயங்கள்: அது எந்த ஊரில், எந்த இடத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் ஒன்று. கை படாத அதன் மேற்பரப்பு இன்னொன்று. தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரை, அதாவது காளையின் மேல் சாய்ந்து நிற்கும் சிவனை, எடுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து நிற்கக் காளை இல்லை, அது கிடைக்கவே இல்லை. ஆனால் திருவெண்காடு என்ற ஊர்ப்பெயர் கூடவே வந்ததால், அந்தக் கோயில் கல்வெட்டுடன் பொருத்தி, தேவர் 1011-ஆம் ஆண்டு, பக்கத்தில் நிற்கும் தேவி 1012 என்று சொல்ல முடிகிறது. சோழர் செப்புத் திருமேனிகளில் ஆண்டு உறுதியாகத் தெரிந்தவை மிகக் குறைவு. தேதி தெரியாத மற்றவற்றை இப்படிப்பட்டவற்றோடு ஒப்பிட்டுத்தான் காலம் கணிக்கிறார்கள். ஊர்ப்பெயர் மட்டும் தொலைந்திருந்தால், அதே அழகு, அதே எடை, ஆனால் ‘தமிழ்நாடு, ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டு’ என்ற ஒற்றை வரியோடு நின்றிருக்கும்.

இந்த மதிப்பு பெரும்பாலும் தொலைவது மியூசியத்தில் இல்லை, கிடைத்த அன்றே. அஸ்திவாரம் தோண்டும்போது மண்வெட்டி ‘ணங்’ என்று மோதும். கொஞ்ச நேரத்தில் ஊர் கூடிவிடும். குடம் குடமாகத் தண்ணீர், பால், மஞ்சள், சந்தனம். தாசில்தார் வந்து சேர்வதற்குள் சாமி அலங்காரத்தோடு தயார். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒட்டியிருந்த மண்ணோடு சாட்சிகளும் போய்விடும். படையெடுப்புக்கோ கொள்ளைக்கோ பயந்து புதைத்தவர்கள் சில நேரம் மணல் பரப்பிப் படுக்க வைத்திருப்பார்கள், துணி சுற்றியிருப்பார்கள். துணி மக்கிப் போனாலும் அதன் நெசவுத் தடம் செம்பில் படிந்த பச்சைக் களிம்பின் மேல் பதிந்து நிற்கும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தேங்காய் நாரும் போதும், அது போய்விடும்.

அப்படி ஒன்று கிடைத்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தோண்டுவதை நிறுத்துங்கள். வெளியே எடுக்கும் முன் கிடக்கும் நிலையிலேயே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து. தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், அருகில் இருக்கும் கோயில் சுவர் அல்லது கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், தலை எந்தத் திசை என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடக் கிடைக்கும் பானை ஓடு, செங்கல், விளக்குத் துண்டு எதையும் எறியாதீர்கள். கழுவாதீர்கள். கையையோ திருவாசியையோ பிடித்துத் தூக்காதீர்கள், பீடத்துக்கு அடியில் இரு கை கொடுத்துத் தூக்க வேண்டும். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த உலோகம் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்துப் போய் மணிக்கட்டில் படக்கென்று முறியும். வி.ஏ.ஓ.விடம் சொன்னாலே தகவல் மேலே போய்விடும், ஆனால் சட்டம் கேட்பது கலெக்டருக்கு எழுத்தில் அறிவிப்பு: என்ன பொருள், சுமார் மதிப்பு, கிடைத்த இடம், தேதி. மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு, பங்கும் போய்விடும். பங்கு என்றா கேட்டீர்கள்? உரிமை கோரி வேறு யாரும் வராமல், இருவருக்கும் இடையே வேறு ஒப்பந்தமும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். இது பலருக்குத் தெரியாததால்தான் சிலைகள் இரவோடு இரவாகத் தரகரிடம் போகின்றன.

இன்னொரு காரணம், ‘ஐம்பொன் என்றால் அதில் தங்கம் நிறைய’ என்ற நம்பிக்கை. ஆய்வகத்தில் சோதித்த பழைய திருமேனிகளில் பெரும்பகுதி செம்பு, அடுத்து ஈயமும் வெள்ளீயமும். தங்கமும் வெள்ளியும் இருந்தால் சுவடு அளவுக்குத்தான். வார்க்கும்போது பக்தர்கள் ஒரு குண்டுமணித் தங்கம் போடுவது சடங்கு. உருக்கிப் பிரித்தால் எரித்த விறகுக் காசு கூடத் தேறாது. ஆனாலும் பீடத்தில் அரம் போட்டு உரசிப் பார்ப்பதும், விரல் நுனியை வெட்டிச் சோதிப்பதும் நிற்கவில்லை.

இப்போது உங்கள் காசு, குங்குமக் கேள்விக்கு வருகிறேன். கோயிலில் தொடர்ந்து வழிபாட்டில் இருந்த உற்சவரைப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகமும் தேய்ப்பும் பட்டு மூக்கும் உதடும் மழுங்கியிருக்கும், சிலவற்றில் கண்ணைப் புதிதாகக் கீறியிருப்பார்கள். அங்கே அது குற்றமில்லை, அந்தத் தேய்மானமே வழிபாட்டின் கணக்கு. மண்ணில் புதைந்து மியூசியத்துக்கு வந்தவை பட்டைக் கரையும் நகைமணியும் நேற்று உளி பட்டதுபோல் கூர்மையாக இருப்பதற்குக் காரணம், அவற்றை யாரும் தேய்க்கவில்லை என்பதே. கோயில் வழக்கத்தை மியூசியத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்:

கையில் வியர்வை உப்பு இருக்கிறது. செம்புக்கு உப்பைப் போல எதிரி கிடையாது, தொட்ட இடத்தில் சில நாளில் விரல் ரேகையே கறையாகத் தெரியும். குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும், கடையில் விற்பது பல நேரம் சாயப்பொடி. நகை வேலைப்பாட்டின் இடுக்கில் இறங்கி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கல்லில் சாயம் நுண்துளைக்குள் போனால் எளிதில் வராது. எண்ணெய் கெட்டுப்போய்க் கொழுப்பு அமிலமாகி, செம்போடு சேர்ந்து பச்சை மெழுகு போலப் படியும், அதன் மேல் தூசி ஒட்டும். திருநீறு மென்மையாகத் தெரிந்தாலும் உரசும், ஈரம் பட்டால் காரம். சில்லறையோ பீடத்தின் களிம்பைக் கீறும், கீறிய இடத்தில் புதிய உலோகம் வெளிப்படும், அங்கிருந்து அரிப்பு தொடங்கும். ஊழியர் சத்தம் போடுவதை விடப் பயன் தருவது ஒரு சின்ன ஏற்பாடு: சிலைக்கு மூன்றடி முன்னால் ஒரு உண்டியல் அல்லது பூத்தட்டு. கும்பிட வருகிறவரை விரட்ட வேண்டியதில்லை, கையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் போதும்.

பச்சை விஷயத்தில்தான் பெரிய குழப்பம். பச்சையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அடர் பச்சையாகவோ கரும்பச்சையாகவோ, வழுவழுவென்று, நகத்தால் தட்டினால் உதிராமல் இருந்தால் அது உலோகமே தனக்குப் போர்த்திக்கொண்ட போர்வை. அதன் அடியில் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. வெளிர் பச்சையாக, புள்ளி புள்ளியாக, தொட்டால் மாவு போல உதிர்ந்தால் அது வெண்கல நோய். மண்ணில் இருந்தபோது உள்ளே புகுந்த குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக அடியில் உட்கார்ந்திருக்கும். காற்றும் ஈரமும் கிடைத்தால் அது வெளிர் பச்சைப் பொடியாகப் பொங்கும், கூடவே அமிலம் பிறக்கும். அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் வட்டம் இது. காற்றின் ஈரப்பதம் சுமார் 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டினாலே கிளம்பும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட எவ்வளவோ அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புளி இங்கே என்ன செய்யும்? டார்டாரிக் அமிலம் நல்ல பச்சையையும் அதன் கீழிருக்கும் சிவப்பு அடுக்கையும் கரைக்கும். நோயின் வேரான குளோரைடு குழிக்குள் அப்படியே இருக்கும். வீட்டில் செம்புக்குடம் தேய்ப்பது போலப் புளியோடு உப்பையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம், நோயைக் கையால் ஊட்டுவதாகும். ஒரு மாதம் பளபளப்பு, அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட அதிகப் புள்ளிகள். எலுமிச்சை, செங்கல்பொடி, கடையில் விற்கும் பாத்திரப்பொடி எல்லாம் இதே கதைதான்.

சரியான வழி மெதுவானது. சந்தேகப்படும் சிலையை முதலில் மற்றவற்றிலிருந்து தனியே வைப்பார்கள். தொற்றும் என்று அல்ல, கவனிப்பதற்காக. நுண்ணோக்கியின் கீழ் ஊசியாலும் சிறு கத்தியாலும் பொடியைச் சுரண்டி எடுப்பது முதல் வேலை. நாலைந்து புள்ளிகள் மட்டும் என்றால், குழிக்குள் சில்வர் ஆக்சைடு பொடியை ஆல்கஹாலில் குழைத்து அடைக்கலாம், அது குளோரைடோடு சேர்ந்து மூடிபோல இறுகும். பரவலாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் 5 சதவீத சோடியம் செஸ்குகார்பனேட் கரைசலில் ஊற வைத்து வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுவது பழைய முறை. பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் சொட்டினால், குளோரைடு இன்னும் வந்துகொண்டிருந்தால் வெள்ளையாகத் திரியும். அது திரியாமல் தெளிவாக நிற்கும்வரை விடக் கூடாது, மாதக்கணக்கில் ஆகும். நடுவில் பொறுமை இழந்து எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. இன்று அதிகம் புழங்குவது செம்பின் மேல் காப்புப் படலம் போர்த்தும் பென்சோட்ரையசோல்: ஆல்கஹாலில் 3 சதவீதம், ஒரு நாள் ஊறல், மேலே படிந்ததைத் துடைத்துவிட்டு பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் 3 முதல் 5 சதவீதம் கரைத்து மெல்லிய பூச்சு. பென்சோட்ரையசோல் உடலுக்கு நல்லதல்ல, கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக் கூடாது. கடைசியில் சிலையை ஈரப்பதம் மிகுந்த மூடிய பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். வெளிர் பச்சை மறுபடி வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் காப்பு ஆய்வகத்தில், வேதியியலாளர் எஸ். பரமசிவன் காலத்தில், கரைசலில் மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் பல திருமேனிகளைச் சுத்தம் செய்தார்கள். அழிந்துபோக இருந்தவை அதனால் பிழைத்தன. விலையாகப் போனது பழைய பச்சைப் போர்வை. இன்று அந்த முறையை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுப்பார்கள், அதற்காக அன்று செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

சிகிச்சை முடிந்து காட்சிப்பெட்டிக்குள் போன பிறகு மறுபடி கெடுவதற்குக் காரணம் பெட்டிதான். மூலையில் கைப்பிடி அளவு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழகிய கணக்கு. ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், இரண்டு மீட்டர் உயரம் என்றால் 40 கிலோ வேண்டும், அதுவும் பெட்டியின் கதவு காற்றுப் புகாமல் மூடினால். ஜெல்லின் நீலம் ரோஜா நிறமானதும் எடுத்து 105 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் காய வைத்துத் திருப்பிப் போட வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்டால் பொட்டலம் வெறும் அலங்காரம். பிளைவுட் பெட்டியும் நல்லதல்ல, அதன் பசையிலிருந்து வரும் அமில ஆவி ஈயம் கலந்த உலோகத்தைத் தாக்கும். கம்பளித் துணி விரித்தால் வெள்ளி கறுக்கும்.

முற்றத்துக் கற்சிலைகளுக்கு வேறு தலைவிதி. கருங்கல் என்பதால் எதையும் தாங்கும் என்று நினைத்து, விழாவுக்கு விழா எனாமல் பெயின்ட், பீடத்தில் சிமென்ட். சிமென்டில் இருக்கும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, காயும்போது படிகமாகி மேல்தோலைத் தள்ளும். கருங்கல் நெடுநாள் தாங்கும், சுண்ணாம்புக்கல், மாக்கல், சுடுமண், சுதை எல்லாம் சில ஆண்டுகளில் பொரிந்து உதிரும். நிற்க வைக்கச் சுண்ணாம்புச் சாந்து போதும். உடைந்த கையைப் பொருத்த உள்ளே இரும்புக் கம்பி வைப்பது அடுத்த தவறு. துரு பிடித்த இரும்பு பருமனில் பல மடங்கு ஊதும், ஒட்டிய இடத்தை விட்டு நல்ல இடத்தில் கல் வெடிக்கும். துரு பிடிக்காத எஃகுக் கம்பிதான் வைக்க வேண்டும். நடுகற்களை நட்டு வைத்துச் சுற்றிப் புல்வெளி போட்டு ஹோஸ் பைப்பில் தண்ணீர் பீய்ச்சும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் எப்போதும் ஈரம், எழுத்து இருக்கும் இடத்தில் பாசி.

பெயின்டை எடுக்க மணல் வீச்சு வேண்டவே வேண்டாம். எழுத்தின் ஓரமும் உளித் தடமும் சேர்ந்து போய்விடும் என்பதால்தான் தமிழகக் கோயில்களில் அதற்குத் தடை. முதலில் ஒரு சதுர அங்குலத்தில் அடுக்கு அடுக்காகத் திறந்து பார்க்க வேண்டும், எனாமலுக்கு அடியில் பழைய சுதையும் வண்ணமும் இருக்கலாம். பிறகு கரைப்பான் தடவி, மூங்கில் குச்சியால் எடுத்து, காகிதக் கூழைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து அப்பி, காய்ந்ததும் உரித்து, மறுபடி அப்பி என்று உப்பு வருவது நிற்கும்வரை தொடர வேண்டும். கம்பி பிரஷ் பக்கத்தில் வரக் கூடாது.

தஞ்சாவூர் ஓவியங்கள் பற்றி ஒரு சொல். பலகை, அதன் மேல் ஒட்டிய துணி, அதன் மேல் பசையில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, பிறகுதான் தங்கத் தகடும் வண்ணமும். ஈரத்துணியால் துடைத்தால் பூச்சு இளகித் தகடு தூக்கிக்கொள்ளும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இல்லாவிட்டால் கரையான் பின்பக்கமாகவே வந்து தின்னும். ஓலைச்சுவடி, துணி, நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் ஒளி போதும், எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200. மொபைல் ஃபிளாஷைப் பார்த்துப் பதறுகிறோம், ஆனால் 300 லக்ஸ் டியூப்லைட் தினமும் எட்டு மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 300 நாளில் 7,20,000 லக்ஸ்-மணி, தேவையைப் போல ஆறு மடங்கு. ஃபிளாஷ் அதன் முன்னால் கொசு.

சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொன்னதுண்டு. சிரிப்புக்குச் சொன்னாலும் அதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது: செத்ததாகத் தோன்றுவதற்கு விவரம் இல்லாத லேபிளும் காரணம். ‘விஷ்ணு, வெண்கலம், கி.பி. 12’ என்று எழுதினால் யாரும் மூன்று நொடிக்கு மேல் நிற்க மாட்டார்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன தோண்டும்போது கிடைத்தது, கூட வேறு என்ன இருந்தது என்ற நாலு வரி சேர்த்தால், அந்த ஊர்க்காரர் குடும்பத்தோடு வந்து நிற்பார். தகவல் பதிவேட்டில் பெரும்பாலும் இருக்கிறது, சுவருக்குத்தான் வருவதில்லை. கேட்டால் காப்பாட்சியர் எடுத்துக் காட்டுவார். கேட்பவர் இல்லை என்பதே அவர்கள் பக்கத்துப் புலம்பல்.

பதிவேடு சும்மா ஒரு கணக்குப் புத்தகம் இல்லை. ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்ததற்கு உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். படம் இல்லாத சிலை காணாமல் போனால், கண்ணெதிரே ஏலத்தில் வந்தாலும் நம்முடையது என்று சொல்ல வழியில்லை. உங்கள் ஊர்க் கோயிலிலோ மியூசியத்திலோ பதிவுப் பணிக்கு உதவ வாய்ப்புக் கிடைத்தால், முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று ஐந்து படங்கள் அளவுகோலோடு எடுக்க வேண்டும். பிறகு குறைகளை நெருக்கத்தில்: முறிந்த விரல், வார்ப்பில் விழுந்த துளை, ஒட்டுப் போட்ட இடம். அழகான முகத்தை எவரும் நகலெடுக்கலாம், முதுகில் இருக்கும் வார்ப்புக் குறையை அப்படியே நகலெடுப்பது கடினம். பதிவெண்ணை நேரடியாக உலோகத்தில் எழுதக் கூடாது, வெட்டவும் கூடாது. பீடத்தின் பின்பக்கம் பாராலாய்டு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையில் எண், மேலே இன்னொரு பூச்சு. வேண்டும்போது அசிட்டோன் தொட்ட பஞ்சால் எடுத்துவிடலாம்.

உயரம், அகலத்தோடு எடையையும் கிராம் வரை எழுதச் சொல்லுங்கள், பல பதிவேடுகளில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது. அசலை எடுத்துவிட்டு நகலை வைத்தால் முகமும் உயரமும் பொருந்தும்படி செய்துவிடலாம், நம் பக்கத்துத் திருமேனி உள்ளே வெற்றிடம் இல்லாத கனவார்ப்பு என்பதால் எடை பொருந்துவது அபூர்வம்.